லைனிங் துணியில் ஒரு வீல்சேர்

சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட் மாடியில் சம்சுன்னிசா அக்கா ரவிக்கை தைக்கிறார். அவர் தைத்ததைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் எங்கேயும் பிடிக்காது என்பார்கள். நான் பக்கத்துத் தெருவில் அலமாரி, கதவு செய்கிறவன். டீ குடிக்க அந்தப் பக்கம் போவேன்.

அவர் கணவர் யாக்கூப் பாய் லாரி ஓட்டியவர். சர்க்கரை வந்து ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பூன் லேயில் மகள் வீட்டில் இடமில்லை. ஈசூனில் ஒரு புதுவீடு கிடைத்தது, ஆனால் சாவி வாங்குமுன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும். கையில் இருந்தது வரைபடம் மட்டும்தான். வீல்சேர் குளியலறைக்குள் போகாவிட்டால் பாயை முதியோர் இல்லத்தில் விடுவதைத் தவிர வழியில்லை.

அக்கா என் ஸ்கேல் ரூலரைக் கேட்டார். மூன்று பட்டையுள்ள கட்டை அது, பட்டைக்கு ஒரு கணக்கு. குளியலறைப் படம் ஒன்றுக்கு இருபது. சரியான பட்டையை வைத்தால் படத்தில் ஐந்து சென்டிமீட்டர் இருப்பதை ஒரு மீட்டர் என்று காட்டும். சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் போனால் முகம் வாடியிருந்தது.

“போகலை தம்பி. வேணாம்னு சொல்லிடப்போறேன்.”

மேசையில் படம். அதன்மேல் லைனிங் துணியில் வெட்டிய வீல்சேர். குளியலறை வாசலுக்குத் தள்ளிக் காட்டினார். இரண்டு பக்கமும் இடித்தது.

நான் ரூலரை வைத்துப் பார்த்தேன். “இது சேரா, சோபாவா அக்கா?”

“கிண்டல் பண்ணாதே. ரூலர் வச்சு அளந்துதான் வெட்டினேன். தையலுக்கு மட்டும் சுத்தி ரெண்டு நூல், கால் இஞ்ச், விட்டிருக்கேன்.”

“வீல்சேரை யாரு தைக்கப்போறா?”

இரண்டு நூல்தான், ஆனால் அந்தப் படத்தின் கணக்கில் இரண்டு பக்கமும் சேர்த்து சேரின் அகலம் ஒரு சாண் கூடிவிட்டது. யாரையும் இறுக்கக்கூடாது என்று முப்பது வருஷமாய் இடம் விட்டே வெட்டிய கை. அதை நான் என்ன குறை சொல்ல?

அக்கா விளிம்பை நறுக்கிவிட்டு மறுபடி வாசலுக்குத் தள்ளினார். உள்ளே போனது. ஆனால் உள்ளே திரும்ப இடமில்லை.

பாய்க்குப் போன் போட்டார். “உள்ள போயிடும். வெளிய வரும்போது பின்னாலேயேதான் வரணும். முடியுமா?”

“கண்டெய்னரையே ரிவர்ஸ்ல சந்துக்குள்ள விட்டவன் லா நான். பின்னால நின்னு பார்த்துச் சொல்ல ஆள் வேணும், அவ்வளவுதான்.”

“நான் எங்க போகப்போறேன்?” என்றார் அக்கா. “சரி, வீட்டை எடுத்துக்கறோம்னு சொல்லிடறேன்.”