என் தங்கை படித்த காட்டேரிக் கதைகள்

தொண்ணூறுகளில் நாங்கள் பெஹாலாவில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் கணக்கு வேலை. கீழே வீட்டுக்காரர்கள், வங்காளிகள். அந்த வீட்டம்மாவை நாங்கள் காகிமா என்று கூப்பிடுவோம். எனக்கும் என் தங்கைக்கும் பதினோரு வயது வித்தியாசம். இனி பிள்ளை இல்லை என்று அம்மா முடிவு கட்டிய பிறகு பிறந்தவள். கல்கத்தாவிலேயே பிறந்ததால் அவளுக்கு வாயில் முதலில் வருவது வங்காளம்தான். தமிழைக் கொஞ்சம் யோசித்துப் பேசுவாள்.

அவளுக்குச் சோறு ஊட்டுவது என் பொறுப்பு. கதை சொன்னால்தான் வாய் திறப்பாள். நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கரியாஹாட் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கி, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கி வருவேன். எல்லாம் பேய்க்கதைகள். ரத்தம் குடிக்கும் பிரபுக்கள், மலைமேல் பாழடைந்த மாளிகை, சவப்பெட்டி. சாயங்காலம் மின்சாரம் போனதும் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அவளுக்கு அதையெல்லாம் தமிழில் சொல்லுவேன். வாம்பயர் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த தமிழ் காட்டேரி. அதனால் அந்தப் பிரபுவும் காட்டேரி ஆனான்.

காட்டேரிக்குச் சட்டதிட்டம் உண்டு என்று சொல்லிக்கொடுத்தேன். வெயில் பட்டால் சாம்பலாகிவிடும். கண்ணாடியில் முகம் தெரியாது. பூண்டு ஆகாது. யாராவது வா என்று கூப்பிடாமல் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. பூண்டைப் பற்றி அவள் கவலைப்படவில்லை, எங்கள் வீட்டில் தினம் பூண்டு ரசம். ஆனால் அந்தக் கடைசி விதி அவள் மனசில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச காலம் யார் வந்தாலும் வாசலில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். வாங்க என்று சொல்ல மாட்டாள். அப்பாவின் அதிகாரி ஒருத்தர் குடும்பத்தோடு வந்து வாசலிலேயே நின்றதும், அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து மன்னிப்புக் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்கு என் கதைகள் பிடிக்காது. அவள் ஆற்காட்டுப் பக்கத்துக்காரி. அங்கே காட்டேரி என்பது கதை இல்லை, கும்பிடுகிற சாமி. கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தைக் குடிப்பவள், படையல் போட்டால் அதே பெண்களைக் காப்பவள். முருங்கைக்கீரையும் கருவாடும் வைத்து வீட்டில் படைப்பார்கள். "அவளை வச்சு வெளையாடாதீங்கடி" என்பாள். நான் சிரிப்பேன்.

பிறகு நான் கல்லூரி முடித்து, தேர்வெழுதி, டல்ஹவுசி பக்கம் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கை வளர்ந்தாள். என் உயரத்தைத் தாண்டினாள். அவளுக்குப் பதினாறு நடக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, யாரோ ஒரு டீச்சர் வழுக்கி விழுந்ததைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தபோது பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது. ஏதோ மிட்டாய் தின்றிருக்கிறாள் என்று நினைத்தேன். "வாயைக் கொப்புளிச்சிட்டு வா" என்றேன். கொப்புளித்தாள். வாஷ்பேசினில் விழுந்தது ரத்தம். ஈறிலிருந்து வந்துகொண்டே இருந்தது. சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தால் முழங்கைக்கு மேலே நீலநீலமாகக் கன்றல்கள். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றாள்.

எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய்விட்டது என்று டாக்டர் சொன்னார். ஏன் என்று அப்பா கேட்டார். பல பேருக்கு ஏன் என்றே தெரிவதில்லை என்றார் அவர். ஊற ஆரம்பிக்கும்வரை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், மருந்து கொடுத்துப் பார்க்கலாம், மஜ்ஜை பொருந்தினால் மாற்றலாம். கூடப் பிறந்தவர்களுடையது பொருந்த வாய்ப்பு அதிகம் என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணை புத்தகங்கள்தான். அப்போது அவள் வயசுப் பெண்கள் எல்லோரும் படித்துக்கொண்டிருந்த காதல் கதைகள், காட்டேரிப் பையன்கள் வருவது. அவள் வகுப்புத் தோழி ஒருத்தி, வங்காளிப் பெண், டாலிகஞ்சிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போவாள். ஒரே புத்தகம் வகுப்பு முழுக்கச் சுற்றி வரும். அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும்.

துணைக்கு இருக்கும்போது நானும் ஒன்றை எடுத்துப் படித்தேன். கால்வாசிக்கு மேல் பொறுமை இல்லை.

"இது என்ன காட்டேரி?" என்றேன். "பகல்ல ஊர் சுத்தறான். பள்ளிக்கூடம் போறான். கண்ணாடி பார்த்துத் தலை சீவறான். பூண்டைப் பத்திப் பேச்சே இல்லை."

"அதெல்லாம் பழசுக்கா."

"கெட்டவனாவது இருக்கணும் இல்லையா? அந்தப் பொண்ணைக் கடிக்கக்கூட மாட்டேங்கறான். ஆடு மாட்டு ரத்தம் குடிச்சிட்டு வந்து, நான் உனக்கு ஆபத்து, கிட்ட வராதேன்னு அழறான்."

அவள் கையில் ஊசி குத்தியிருந்தது. தலைக்கு மேலே ரத்தப் பை தொங்கியது. சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கதையில அடுத்தவங்க ரத்தம் எடுத்துக்கறவன் கெட்டவன்" என்றாள். "நெஞ்சுல கட்டையை அடிச்சுக் கொன்னுடுவாங்க. கதை முடிஞ்சிடும். இதுல அவனுக்கு வெட்கமா இருக்குக்கா. இப்படி ஆகணும்னு அவன் கேக்கலை. வேணும்னு கேக்கவே கூச்சமா இருக்கு அவனுக்கு. அது தெரிஞ்சும் ஒருத்தி வந்து பக்கத்துல உக்கார்றா."

நான் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் எங்கள் தெருக்காரர்கள். துர்க்கா பூஜை நடத்துகிற கிளப் பையன்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். காகிமாவின் மகன் அதில் முக்கியமானவன். என்ஜினியரிங் கடைசி வருஷம். ஒரே வகை ரத்தம் என்பதால், தட்டணுக்கள் மட்டும் எடுக்கும்போதும் அவனே அடிக்கடி வந்தான். சின்ன வயசிலிருந்து அவனை, அண்ணா என்பதற்கு வங்காளத்தில் சொல்வதுபோல், தாதா, தாதா என்று கூப்பிட்டுப் பின்னால் ஓடியவள் இவள். காத்தாடி விட்டால் நூல்கண்டு பிடிப்பாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவன் பார்க்க வந்தால் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பாள்.

"ஏன்டி இப்படிப் பண்றே? பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்கான்" என்றேன் ஒருநாள்.

"அவர் ரத்தம் எனக்குள்ள ஓடுது. எப்படி மூஞ்சியைப் பார்க்கறது?"

தாதா என்று சொல்லாமல் அவர் என்று சொன்னதை அப்போதுதான் கவனித்தேன். அடுத்த முறை அவன் வருகிற நாளில் என்னைத் தலை பின்னிவிடச் சொன்னாள். மருந்தில் முடி கொட்டியிருந்தது. இருந்ததைப் பின்னினேன். உதடு வெளுத்திருக்கிறது என்று என் கைப்பையிலிருந்த லிப்ஸ்டிக்கைக் கேட்டு வாங்கிக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டாள்.

அவன் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வலிச்சுதா?" என்று வங்காளத்தில் கேட்டாள்.

"பெஹாலா கொசுவைவிடக் கம்மி" என்றான். "என்ன படிக்கிறே?"

புத்தகத்தைத் தலையணைக்கடியில் தள்ளினாள். அவன் கையை நீட்டி எடுத்து, அட்டையைப் பார்த்து, பின்பக்கத்தில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கதையைச் சொல்லேன். எனக்கு இங்கிலீஷ் நாவலெல்லாம் படிக்கப் பொறுமை இல்லை."

அவள் சொன்னாள். அவன் வரும்போதெல்லாம் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வேன். உள்ளே அவள் குரல் கேட்கும். அந்தக் குரலில் நோயே இருக்காது. அவனுக்கு அவள்மேல் வேறு நினைப்பு எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும் என்றுதான் தோன்றுகிறது. ஒருநாள் அவன் போன பிறகு, "கதையில ரத்தம் குடிக்கறது பையன், அக்கா. இங்க நான்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என் மஜ்ஜை பொருந்தவில்லை. அந்தச் செய்தியை அப்பாதான் என்னிடம் சொன்னார். அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மாடிப்படியில் நின்றுகொண்டு, "உன்மேல தப்பில்லைம்மா" என்றார். தப்பு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளே கையைப் பிடித்து, "உன் மூக்கும் என் மூக்குமே ஒத்துப்போகலையேக்கா, அப்பவே தெரிய வேண்டாமா?" என்றாள்.

நடுவில் கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் அம்மா படையல் போட வேண்டும் என்றாள். கல்கத்தா வந்த பிறகு அவள் போட்டதே இல்லை. கருவாட்டு வாடைக்கு வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். இந்தமுறை பயப்படவில்லை. பெஹாலா சந்தையில் முருங்கைக்கீரையும் கருவாடும் அவளே போய் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்தாள். காகிமா மேலே வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தோம். அவள் பிறந்த வீடு சிட்டகாங் பக்கமாம், கருவாடு சாப்பிடுகிற ஊர். "ஷுட்கி சமைக்கிறீர்களா? கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இது கிடைத்ததே இல்லை" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சமையலறை மூலையில் இலை போட்டு, விளக்கேற்றி, அம்மா கும்பிட்டாள். வாய் விட்டு வேண்டினாள். "என் ரத்தத்தை எடுத்துக்கோ தாயே, வயசானவ ரத்தம்தான், பரவாயில்லைன்னு எடுத்துக்கோ" என்றாள். தங்கை நாற்காலியில் சால்வை போர்த்திக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். பிறகு என் காதருகே, "நம்ம காட்டேரிக்குக் கருவாடு போதும். அந்தப் புத்தகத்துக் காட்டேரிக்குக் காதல் வேண்டியிருக்கு" என்றாள். இரண்டு பேரும் அம்மாவுக்குத் தெரியாமல் சிரித்தோம். எங்கள் வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். ரத்தம் கொடுக்கக் கிளப் பையன்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றார்கள். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இனி தேவைப்படாது என்று அப்பா போய் அவர்களிடம் சொன்னார். காகிமாவின் மகன் அப்பாவின் தோளைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு அந்தத் தோழி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவே தயங்கினாள். செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். அம்மா கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். புத்தகத்தைக் கேட்க வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அவளுடையதுகூட இல்லையாம், இன்னொரு பெண்ணுடையது. படிக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்களாம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நான் எடுத்து வந்து கொடுத்தேன். அம்மா இடையில் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன கதை?" என்று தன் அரைகுறை இந்தியில் கேட்டாள். "எப்பப் பார்த்தாலும் படிச்சிட்டிருந்தாளே."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சொல்லு என்று தலையசைத்தேன். வங்காளமும் இந்தியும் கலந்து சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் புரியாத இடத்தில் நான் தமிழில் சொன்னேன். ரத்தம் குடிப்பவன், ஆனால் நல்லவன், ஒரு பெண்ணை விரும்புகிறான். அவனுக்கு வயசு ஏறாது, சாவு இல்லை. அவளுக்கு இரண்டும் உண்டு. அதனால் தன்னையும் அவனைப்போல ஆக்கிவிடச் சொல்கிறாள். நான் பழைய கதைகளில் படித்தவரை அது சாபம். அப்படி ஆனவளைச் சொந்த மனிதர்களே தோண்டி எடுத்துக் கொல்வார்கள். இந்தக் கதைகளில் அது வரம், கல்யாணத்தைப்போல. அதற்காகத்தான் அந்தப் பெண்கள் கடைசிப் பக்கம்வரை காத்திருக்கிறார்கள்.

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"கடைசியில அந்தப் பொண்ணு செத்துடறாளா?"

"இல்லை மாஷிமா. அவனைப்போல ஆகிடுவா. அதுக்கப்புறம் சாகவே மாட்டா."

"அவ அம்மாவுக்குத் தெரியுமா?"

தோழி யோசித்தாள். அவள் அதைப் பற்றி இதற்குமுன் நினைத்திருக்க மாட்டாள். "தெரியக்கூடாது. வீட்டை விட்டு ரொம்ப தூரம் போயிடணும். அம்மாவைப் பார்க்கக்கூட முடியாது."

நான் அதைத் தமிழில் சொன்னேன். கீழே தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"பார்க்க முடியாட்டி போகட்டும்" என்றாள். "எங்கேயோ இருக்காள்னு தெரிஞ்சா போதும். அவ அம்மாகிட்ட அதையாவது யாராவது சொல்லியிருக்கலாம்."

புத்தகத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, டீ ஆறிப்போய்விட்டது, வேறு போட்டுத் தருகிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. தோழியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.