வெள்ளைச் சேலை கட்டாத பெரியம்மா

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மேலாளரான துரை இருந்த பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது. பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் அறை கிடைக்காதவர்கள் அங்கே வந்து தங்குகிறார்கள். பனிமூட்டத்தைப் பார்த்து மூச்சடைத்து நிற்கிறார்கள். மாலையில் தேநீரோடு அவர்களுக்கு ஒரு பேய்க்கதையும் உண்டு. அந்தப் பேய் என் பெரியம்மா. என் அம்மாவுடன் பிறந்த அக்கா. இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

பெரியம்மா செத்தபோது அவருக்குப் பதினாறு வயது. அம்மாவுக்குப் பதினொன்று. வயிற்றுவலியில் துடித்தவரைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியைக் கம்பில் கட்டி, லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பங்களாவுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். விடிந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் ஆள் நிற்கும் நேரம். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்டார்கள். லொறி கொட்டகையில் சும்மாதான் நின்றதாம். துரை வெளியே வந்து, அது ஆள் ஏற்றுகிற வண்டி இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பத் தூக்கி இறங்கும்போது, பங்களாப் படிக்கட்டின் கடைசிப் படியில் உயிர் போய்விட்டது. கம்பளிக்கு வெளியே தொங்கிய பாதங்களைப் பிடித்துக்கொண்டு வந்தது என் அம்மா.

கல்யாணமாகாமல் செத்த பெண் எங்கள் வீடுகளில் பேயாவதில்லை. கன்னியாகிறாள், வீட்டுத் தெய்வமாகிறாள். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அந்தக் கடைசிப் படியில் அம்மா படையல் வைப்பார். கண்ணாடி வளையல், ரிப்பன், பெரியம்மாவுக்குப் பிடித்த ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். நடுவில் ஒரு சிவப்புத் தாவணி. செத்த வருடத் தீபாவளிக்குச் சிவப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தாராம். கும்பிட்டு முடிந்ததும் தாவணி வீட்டுப் பெண்ணுக்கு. வீட்டுக்கு நான் ஒரே பெண். பெரியம்மாவின் தாவணிகளைக் கட்டித்தான் நான் வளர்ந்தேன். படித்தேன், டீச்சரானேன். தாவணி கட்டும் வயது போன பிறகும் வருடா வருடம் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பதுளையில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். ரொமான்டிக் காலம், கோதிக் நாவல்கள், புயலடிக்கும் மலை, பாழடைந்த மாளிகை, பூட்டிய அறைக்குள் ஒருத்தி. எனக்கு அந்த எழுத்தின்மேல் உயிர். ஆனால் படிக்கும்போதெல்லாம் ஒரு எரிச்சலும் வரும். இவர்களுக்குப் பனி என்றால் ஆன்மா பொங்குகிறது. கொழுந்து பறிக்கும் எங்கள் பெண்களுக்குப் பனி என்றால் நனைந்த சாக்கும் காலில் ஏறும் அட்டையும். அந்த நாவல்களில் ஒரு வேலைக்காரி மெழுகுவர்த்தியை வைத்துவிட்டுப் போவாள். அவள் எங்கே போய்ப் படுக்கிறாள் என்று ஒருவரும் எழுதித் தொலைக்கமாட்டார்கள்!

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், கோதிக் பாடம். வெயில். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை உசுப்ப, “எங்கட தோட்டத்துலயே ஒரு கதை இருக்கு, உண்மைக் கதை” என்று ஆரம்பித்தேன். பங்களா, படிக்கட்டு, பதினாறு வயதுப் பெண் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். லொறி என்றதும் பழையபடி சாய்ந்தார்கள். லொறியில் என்ன கோதிக் இருக்கிறது? வாய் சும்மா இருந்ததா? கண் காது மூக்கு வைத்தேன். வெள்ளைக்காரத் துரை ஒருவனைக் கொண்டுவந்தேன். அப்போது பங்களாவில் இருந்தது வெள்ளைக்காரனே இல்லை. காதல் வைத்தேன், எரித்த கடிதம் வைத்தேன், நிலா வைத்தேன். படியிலிருந்து குதிக்க வைத்தேன். கடைசியில் வெள்ளைச் சேலை கட்டி நடக்கவும் விட்டேன். வகுப்பு கப்சிப். எனக்குப் பெருமை வேறு!

அந்த வகுப்பில் முதல் வரிசையில் இருந்த ஹாலிஎல ஊர்ப் பையன்தான் இன்று அந்த ஹோட்டலின் மேனேஜர். இந்த வருடம் ஆடி வெள்ளியன்று அம்மாவோடு போனபோதுதான் எனக்கு அது தெரியும். வாசலிலேயே ஓடிவந்தான்.

“டீச்சர்! வாங்க, வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்.”

அவன் காட்டியது படிக்கட்டின் அடியில் நின்ற பலகை. ஆளுயரம். வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக ஒரு படம், கீழே ஆங்கிலத்தில் கதை. என் கதை. எரித்த கடிதம்கூட அப்படியே இருந்தது. நாங்கள் படையல் வைக்கும் கடைசிப் படியில்தான் பலகையின் கால்களை ஊன்றியிருந்தார்கள்.

அம்மா கூடையை இறக்கி வைத்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

“என்னா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு.”

பங்களா கட்டிய வருடம் போட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கதை கட்டுவது எனக்குப் புதிதா? ஆனால் அந்தப் படியில் நின்றுகொண்டு இரண்டாவது பொய்க்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மா முழுவதையும் கேட்டார்.

“தொரைமேல ஆசப்பட்டாளா? அந்தத் தொரை மொகத்த அவ பாத்ததே அன்னிக்குத்தான்டி. அதுவும் கம்பளியில படுத்துக்கெடந்து பாத்தா.” பலகையை விரலால் குத்தினார். “எந்தப் பாவி சொன்னான் இத?”

மேனேஜர் என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் இன்னும் மாணவனின் பெருமை.

“நான்தாம்மா,” என்றேன்.

அம்மா கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்மேலேயே எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது? அவன்மேல் பாய்ந்தேன்.

“இதை இப்பவே இறக்கு! அவங்க என் பெரியம்மா. லொறி குடுக்காமச் செத்தாங்க. அத எழுது.”

அவன் ஓர் அடி பின்வாங்கினான். “நீங்கதானே டீச்சர் உண்மைக் கதைன்னு சொன்னீங்க? நான் நோட்ஸ்கூட வச்சிருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “லொறின்னு எழுதினா யாரு டீச்சர் நின்னு படம் எடுப்பாங்க? மேலிடத்துல கேக்காம நான் கைவைக்க ஏலாது.”

அதே கணக்கு. பத்து வருடம் முன்னால் வகுப்பறையில் நானும் அதையேதான் நினைத்தேன். செத்தவர்கள் காதலுக்காகத் திரும்பி வருகிறார்கள் என்றால் ரசிப்பார்கள். கேட்டும் தராத லொறிக்குப் பதில் கேட்டு வருகிறார்கள் என்றால் எவன் தேநீர் குடிப்பான்? அந்த நாவல்களின் பேய்களிலும் பாதி, நியாயம் கிடைக்காத பெண்கள்தான். இதைப் பரீட்சைக்கு எழுதச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், வெட்கங்கெட்டவள்.

அம்மா பலகையின் கால்களுக்கு நடுவே இருந்த இடத்தில் வாழையிலையை விரித்தார். ரொட்டி, சம்பல், வளையல், ரிப்பன், தாவணி. சூடம் கொளுத்தினார். மேலே புல்வெளியில் ஹோட்டல் விருந்தாளிகள் இரண்டு பேர் கேமராவைத் தூக்கினார்கள். மேனேஜர் ஓடிப்போய்த் தடுத்தான், அவ்வளவாவது செய்தான்.

“அக்கா, மன்னிச்சுக்க. வெளியாளு இல்ல, நம்ம புள்ளதான் சொல்லியிருக்கு,” என்று அம்மா படியைப் பார்த்துச் சொன்னார்.

கும்பிட்டு முடிந்தது. வழக்கம்போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அம்மா தாவணியை எடுத்தார், உதறினார், நாலாக மடித்தார். கூடைக்குள் வைத்துத் துண்டால் மூடினார்.

“பலகை எறங்கட்டும். அப்பொறம் தாரேன்.”

அதன் பிறகு மூன்று தடவை அந்த ஹோட்டலுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டேன். தாவணி இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.