அடுப்பில்லாத ஓட்டலில் சம்பந்தம் பேசினோம்

பெரம்பலூர் பைபாஸில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜைக்கு மேஜை ஒரு குட்டிச் செடி. அடுப்பு மட்டும் கிடையாது! எல்லாமே பச்சை. பால், தயிருக்கும் தடை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே போனோம். பேத்தி வெண்ணிலாவைப் பெண் பார்த்துப் போனவர்கள், "பொதுவா ஒரு எடத்துல ஒக்காந்து பேசலாம்" என்று கூப்பிட்டிருந்தார்கள். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பச்சைக் காய்தான் சாப்பிடுவானாம். பேத்தியோ இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எங்கள் ஜெயங்கொண்டம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? பேச்சு முடியாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபி, பழம் பரவாயில்லை. சாப்பாடு சாப்பிட்டால்… பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம்.

காரில் ஏறும்போதே மருமகள் எச்சரித்தாள். "அத்தை, நீங்க பாட்டுக்கு எதையும் வாயில போட்டுடாதீங்க."

"ஓட்டல்தானேடி?"

"அவங்க வாங்கிக் குடுத்தா அவங்க வூட்டுச் சாப்பாடுதான்."

நியாயம்தான். ஆனால் பசி நியாயம் பார்க்குமா?

முதலில் நூடுல்ஸ் வந்தது. பார்த்தால், சீவின சுரைக்காய்! அடுத்து ரொட்டி என்று ஒன்று. பொரிக்க மறந்த வடாம் மாதிரி இருந்தது. கடித்தேன் — இருக்கிற நாலு பல்லில் ஒன்று ஆடியது. பிறகு சீஸ். முந்திரியை ஊற வைத்து அரைத்ததாம். எங்கள் கொல்லையில் விளைகிற அதே முந்திரி! வறுக்கக்கூட இல்லை. இதற்கு ஒரு மரம் காய்க்க வேண்டுமா?

பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏம்மா, கேஸ் தீந்துபோச்சா?"

"இல்லீங்க பாட்டி. சூடு பண்ணா சத்து போயிடும்."

"அப்ப நான் சத்தில்லாமயா ஆறு புள்ள பெத்தேன்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கத்துப் பரோட்டா கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டு காலியானதும் மாப்பிள்ளையின் அம்மா ஒரு போடு போட்டார்.

"அப்புறமென்ன சம்பந்தி, ஒண்ணா ஒக்காந்து சாப்புட்டாச்சு. பேச்சு முடிஞ்ச மாதிரிதானே? தேதி பாத்துடலாமா?"

என் மகன் முகம் வெளுத்தது. மருமகள் என்னை முறைத்தாள். வெண்ணிலா தலை குனிந்திருந்தாள் — வெட்கம் இல்லை, கோபம். சுரைக்காயைத் தின்றது நான். மாட்டிக்கொள்வது அவளா?

"சாப்புட்டமா? எப்பங்க?" என்றேன்.

"என்னம்மா… ரெண்டாந்தடவ நீங்கதானே கேட்டு வாங்குனீங்க!"

"அடுப்புல ஏத்தாதது எப்படிங்க சாப்பாடாவும்? பழம் தின்ன மாதிரிதான். எங்க வூட்டு ஆடும் இதத்தான் திங்குது. அதுக்காவ அதோட சம்பந்தம் வெச்சுக்கிட்டமா?"

"அம்மா சொல்றது நாயந்தான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பசி பேசியது.

அப்போதுதான் வெண்ணிலா நேராகப் பையனைக் கேட்டாள். "எவ்ளோ நாளா இப்படிச் சாப்புடுறீங்க?"

பையன் அம்மா பக்கம் திரும்பாமல் சொன்னான். "பதினோரு நாளா."

"உங்க அம்மா மூணு வருஷம்னாங்களே?"

"அது… அம்மா சொன்னது. நான் பொய் சொல்ல விரும்பலங்க."

பேத்திக்கு ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் லேப் வேலை. பேச்சும் அப்படியே வந்தது.

"நாங்க சிமெண்ட்டுல கட்டி செஞ்சு தண்ணியில போட்டு வெப்போம். இருபத்தெட்டாம் நாள் ஒடைச்சுப் பாப்போம். தாங்குனாதான் பாஸ். நீங்களும் இன்னையிலேர்ந்து இருபத்தெட்டு நாள் இதையே சாப்புட்டுக் காட்டுங்க. சொன்ன சொல்லுல நிக்கிற ஆளான்னு பாக்கறேன். ஆனா நான் மீன் கொழம்ப விடமாட்டேன்."

"சரிங்க" என்றான். மீனுக்குச் சரியா, நாளுக்குச் சரியா… யாரும் கேட்கவில்லை.

என் காலத்தில் இப்படிக் கேட்க யார் விட்டார்கள்? ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வெற்றிலையை விடுகிறேன் என்று சொல்லி மூன்று நாள் தாங்கவில்லை. அது எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லையே!

இன்று இருபத்தோராம் நாள். தினமும் தட்டைப் படம் பிடித்து அனுப்புகிறானாம். பாஸாகிவிடுவானோ, கல்யாணப் பந்தியும் பச்சையாகிவிடுமோ என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம்… வெண்ணிலாவைத் தவிர.