கோயில் மண்டபத்து முகாம்

கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற ஊர்த்தொகுதிக்காரர்கள் ஜெயசுதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நர்ஸம்மா என்பார்கள். அந்த மலையிலேயே பிறந்து, கீழே போய்ப் படித்து, வேலைக்கு மலையேறித் திரும்பியவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் முகாம் அவர் பொறுப்பு. கூச்சப்படும் பெண்களை மரவள்ளிக் காட்டிலிருந்துகூடக் கேலி பேசியே அழைத்து வந்துவிடுவார். "நாலு பெத்தவளுக்கு என்னக்கா வெக்கம்? நானும் பொம்பளதான், வாங்க!"

முகாம் நடந்தது மாரியம்மன் கோயில் மண்டபத்தில். ஒழுகாத கூரையும் தண்ணீர்க் குழாயும் அங்கேதான் இருந்தன.

இந்த ஆண்டு வெளி மாவட்டத்திலிருந்து ஒரு குழு வந்தது. அதிகாரிகள் அல்ல, வேறொரு மலையில் இதே வேலையைச் செய்கிறவர்கள். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக் குறைநிறை சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு. டாக்டர் அருள்மொழி மண்டபத்தின் சுத்தத்தைப் பாராட்டினார், மறைப்புத் திரையைப் பாராட்டினார். பிறகு பதிவேட்டைப் புரட்டியபடி சாதாரணமாகக் கேட்டார்.

"ரத்தப்போக்குன்னு யாருமே வர்றதில்லையா, சிஸ்டர்?"

"வருவாங்க மேடம். நின்னப்புறம் வாங்கன்னு அனுப்பிருவேனுங்க. கோயில் மண்டபமில்லீங்களா?"

அருள்மொழி பதிவேட்டை மூடினார். உடன் வந்த செவிலியர் சுகுணாதான் மெல்லக் கேட்டார்: "வயசானவங்களையுமா?"

தான் சொன்னது அப்போதுதான் ஜெயசுதாவின் காதிலேயே விழுந்தது.

மாதவிலக்கு நாட்களில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது மருத்துவ முறைதான். ஆனால் மாதவிலக்கே நின்றுபோன பெண்ணுக்கு வரும் ரத்தம் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். படித்ததை அவர் மறக்கவில்லை. மண்டபத்து வாசலில் மட்டும் படிப்பு வாய் மூடிக்கொண்டது, தீட்டு பேசியது. தம் விலக்கு நாளில் முகாம் வந்தால் யாரும் சொல்லாமலே விடுப்பு எடுத்துக்கொண்டவர் அவர். நோயைத் தேடக் கிளம்பி, நோய்க்குறி உள்ளவரை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிய முகாம்! எந்தக் கடவுளும் இதைக் கேட்கவில்லை. ரத்தத்தை அழுக்கென்று பெண்களையே நம்பவைத்த மனிதர்களின் வேலை இது. இடம் பார்த்துக் கொடுத்த மேலதிகாரிகளுக்கும் அது உறைக்கவில்லை.

திருப்பி அனுப்பியவர்களில் ஒரு முகம் நினைவில் நின்றது. இருசாயி, விலக்கு நின்று பல வருடமானவர், தனியாக இருந்து ராகி விளைவிக்கிறவர். தை மாதத்தில் வந்தார், பங்குனியிலும் வந்தார். இப்போது ஆடி.

அன்று மதியமே சுகுணாவையும் கூட்டிக்கொண்டு ஜெயசுதா போனார். இருசாயி வாசலில் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"வா சாமி. ஆளோட வந்துட்ட, புடிச்சுட்டுப் போறதுக்கா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்கம்மா. ரத்தம் இன்னும்..."

"நிக்கலியே கண்ணு. நின்னிருந்தா நானே வந்திருக்க மாட்டனா?"

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சொன்னபடி செய்ய முடியாமல் போனதற்கு இருசாயிதான் வருத்தப்பட்டார். ஜெயசுதாவால் தலை நிமிர முடியவில்லை.

"தப்பு எம்மேலதாங்க. அன்னைக்கே உள்ள வரச் சொல்லியிருக்கோணும்."

"கோயிலுக்குள்ளயா? ஆத்தா கண்ணக் குத்திரும்!" இருசாயி சிரித்தார். "நீயுந்தான் அந்த நாள்ல உள்ள வரமாட்ட. எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

ஆஸ்பத்திரியில் அருள்மொழியே பரிசோதித்தபோது, கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டியிருந்தது. தையிலேயே பார்த்திருந்தால் அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கலாம் என்றார் அருள்மொழி. இனிக் கதிர்வீச்சு, அதுவும் சேலத்தில், வாரக்கணக்கில். குணமாகலாம் என்றார், உறுதி தரவில்லை.

ஜெயசுதா முகாமைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். பஸ் நிறுத்தத்தில் மைக் பிடித்து, "ரத்தம் போறவங்க மொதல்ல வாங்க" என்று அறிவித்தார். ஊர்ப் பெரியவர் செங்கோடன் குறுக்கே வந்தார்.

"நடுரோட்டுல இதையா கத்தறது நர்ஸம்மா? வெக்கமா இல்ல?"

"இருக்குதுங்க. இத்தன நாளு கத்தாம இருந்துட்டனேன்னு."

திங்கட்கிழமைதோறும் இருசாயியைச் சேலத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதும் ஜெயசுதாதான். ஒரு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருக்கும். இருசாயி திட்டுவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும்போது நர்ஸம்மாவின் மடியில் சாய்ந்துகொள்வார்.

"சேலம் வந்தா எழுப்பு கண்ணு. உன்ன நம்பித்தான் வாரேன்."