தலைக்குள் ஒரு பிறை

போரால் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த மாதங்களில் நான் பாலையூற்றில் வீட்டோடு இருந்தேன். மருத்துவம் மூன்றாம் வருடம். மூளையின் ஸ்கேன் படங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கையில் இருந்தது; பார்க்கத்தான் படம் இல்லை. எங்கள் பூனைக்குக்கூட ஒரு நோய் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அப்பாவைப் பார்த்து நாங்களும் குடும்பத்துப் பெரியவரை அவர்கள் வழக்கில் அண்ணனுக்குரிய நானா என்றும் அவர் மனைவியை அக்காவுக்குரிய ராத்தா என்றும் கூப்பிட்டோம். வந்த புதிதில் நானா வீடு பார்ப்பதும் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதுமாக ஓடித்திரிந்தார். வேலிக்கு மேலால் பகிடியும் விடுவார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார். பகலெல்லாம் தூங்கினார். சாரம் உடுக்கத் தடுமாறினார். ராத்தாவைத் தன் தங்கையின் பெயரால் கூப்பிட்டார். சிலர் வயதுபோனதால் வந்த மறதி, அறளை என்றார்கள். ராத்தா, ஊரை விட்டு வந்த கவலை என்று நம்பினார். சொந்த வாசலை மிதித்தால் சரியாகிவிடும் என்று, மறுநாள் படகில் மூதூருக்குக் கூட்டிப்போகப் பையும் கட்டிவிட்டார்.

மகன் கண்டியில் எடுப்பித்த ஸ்கேன் படம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. நான் கெஞ்சி வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

அறளை என்றால் மூளை சுருங்கி, மடிப்புகளின் இடைவெளி அகன்றிருக்கும். பாரிசவாதம் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் கறுப்புத் திட்டு. இரண்டும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்து மடிப்புகளையே காணோம். நடுக்கோடு மறுபக்கம் தள்ளுப்பட்டிருந்தது. அப்போதுதான் மண்டையோட்டின் உள்விளிம்பில், மூளையின் சாம்பல் நிறத்தோடு கலந்து ஒளிந்திருந்த வளைவைக் கண்டேன்.

"ராத்தா, பிறை," என்றேன்.

"நோன்புக்கு இன்னும் நாளிருக்கு மகன்," என்றார் அவர், துணி மடித்தபடி.

மூளைக்கும் உறைக்கும் இடையில் மெல்லக் கசிந்து தேங்கிய பழைய இரத்தம் அது. மூளை அழியவில்லை, அமுங்கிக் கிடக்கிறது. நானா எங்காவது விழுந்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு யோசித்து, ஊரை விட்டு ஓடிய அன்று லொறியில் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றும்போது கம்பியில் தலை இடிபட்டதைச் சொன்னார். இரத்தம் வரவில்லை. அதனால் ஒருவருக்கும் காயமில்லாமல் வந்து சேர்ந்தோம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"படகு வேண்டாம் ராத்தா. இண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ. நான் படிக்கிறவன், பிழையாயும் இருக்கலாம். சரியெண்டா, இதைச் சுகப்படுத்தலாம்."

"என்ட பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரா?"

நான் படத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கட்டிவைத்த பையைத் தூக்கிக்கொண்டு, தன் மகனை ஓட்டோ பிடிக்கச் சொன்னார்.

ஆசுபத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள்; அங்கே மண்டையோட்டில் சின்னத் துளையிட்டு இரத்தத்தை வடித்தார்கள். மொட்டைத் தலையோடு திரும்பிய நானா கதிரையில் இருந்தபடி ராத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தேத்தண்ணியில் சீனி போதாது என்றார். ராத்தா குசினிக்கு ஓடினார். நானா வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"நாங்க ஓடி வந்த அண்டைக்கு, ஆட்டைக் கட்டின கயிறை ஆர் அவிழ்த்து விட்டது?" என்று கேட்டார்.

ராத்தா சீனிப் போத்தலோடு வந்தார். ஒருவரும் அவிழ்க்கவில்லை என்றார்.

நானா அழத் தொடங்கினார். ஊரை விட்டு வந்த கவலையை அழ அவருக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்திருந்தது. ராத்தா கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவர் காலடியில் இருந்தார்.

"அழுங்க," என்றார். "நான் அப்பவே அழுதிட்டன்."