தளவாய் காற்று சரிபார்த்த கதை

துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது எண்ணுவதற்கு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் கப்பல்காரர் பக்கம், ஒருவர் சரக்குக்காரர் பக்கம். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் மூட்டை, மூட்டை. அதுவரை அது வெறும் வதந்தி. சரக்குக்காரர் பக்கம் நிற்பவர் தளவாய். இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டதால் எதையும் ஒரே தடவை பார்த்து நம்பும் வழக்கம் அவரிடம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பெண் பார்க்கவும் இரண்டு தடவை போனவர். இரண்டாவது தடவைக்கு பஜ்ஜி போடவில்லை என்று மனைவி பொன்செல்வி இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவாள்.

அப்பேர்ப்பட்டவர், பெங்களூர்க்காரர் ஒருவரிடம் பழைய பெரிய பைக் ஒன்றை வாங்கினார். பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றில் நிற்கும் ஷாக் அப்சார்பர் இரண்டு; இரண்டுக்கும் சேர்த்து ஒரே வால்வு. ஒற்றை ஆளுக்குக் கொஞ்சம் காற்று, இரண்டு ஆளுக்கு நாற்பது பவுண்டு. குறைந்தால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். வேகத்தடை ஏறி இறங்கும்போது மட்கார்டு டயரில் மோதும். மோதுவது வண்டிதான் என்றாலும் வாங்கிக்கொள்வது பொன்செல்வியின் இடுப்பு.

"இங்கன பாருங்க," என்றாள் பொன்செல்வி. "ஞாயித்துக்கிழம சாத்தான்குளத்துல தங்கச்சியோட புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. போற வழியில ஒரே ஒரு இடி இடிக்கட்டும், வண்டி என் தம்பிக்கு. நமக்கு ஸ்கூட்டர்."

தம்பி பாண்டியராஜ் அந்த பைக்கைப் பார்க்கும் பார்வையில், தளவாய் வாங்கிய அன்றே ஒரு ஏக்கம் இருந்தது. வண்டியைத் தொடும்போதெல்லாம் "பாவம்" என்பான். யாரைச் சொல்கிறான் என்று சொல்ல மாட்டான்.

எனவே தளவாய் பம்பு தேடிப் புறப்பட்டார். துறைமுகச் சாலையில் லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை முதலில் பார்த்தார். ஷாக்குக்குள் இருக்கும் இடமோ ஒரு டம்ளர் அளவு; அதில் கம்ப்ரசரை வைத்தால் ஒரே தும்மலில் சீல் தெறித்துவிடும். அடுத்து, காலால் மிதிக்கும் பம்பு. ஒரு மிதியில் முள் இருபதிலிருந்து ஐம்பதுக்குத் தாவியது. நாற்பது அங்கே நிற்கவேயில்லை. கடைசியில் ஊசி மருந்துக் குழாய் போல ஒல்லியாக ஒரு கைப்பம்பு. அதிலும் இரண்டு வகை. முந்நூறு வரை அளவு காட்டுவதைத் தள்ளினார். லாரி நிறுக்கும் எடைமேடையில் கருவாடு நிறுக்க முடியாது அல்லவா? அறுபது வரை மட்டும், கோடு கோடாகக் காட்டுவதை எடுத்தார். இதுவரை அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நாம் அவரை இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியாது.

நாற்பது அடித்தார். குழாயைக் கழற்றினார். உடனே, வழக்கப்படி, சரிபார்க்க மறுபடி மாட்டினார். முப்பத்தாறு.

"கசிவு," என்றார்.

தகராறு என்று வந்துவிட்டால் சரக்கைத் தொடக்கூடாது, எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது துறைமுகத்து முறை. ஆகவே காற்று அடிப்பதை நிறுத்திவிட்டு அளப்பதை மட்டும் தொடர்ந்தார். வால்வில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஒரு குமிழியும் வரவில்லை. எதிர்த் தரப்பு இல்லாமல் எண்ணிக்கை செல்லாது என்பதால், கப்பல்காரர் பக்கம் நின்று எண்ணும் மெல்வினையும் வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"முப்பத்திரெண்டு," என்றார் தளவாய்.

மெல்வின் மாட்டிப் பார்த்தான். "இருபத்தொம்பது அண்ணாச்சி."

"என்ன வே, கண்ணாடி துடைச்சீரா? நான் இப்பத்தான பாத்தேன்."

"கப்பல்லயும் இப்படித்தான், என் எண்ணிக்கைய ஒத்துக்கவே மாட்டீங்க."

மறுநாளும் அதுதான். அதற்கு மறுநாளும் அதுதான். வண்டி, கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருகிறவர் போல மெல்ல மெல்ல உட்கார்ந்தது. தளவாய் பெங்களூர்க்காரரை போனில் ஏசினார். அவரும் திருப்பி ஏசினார். அதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் தேநீர் கொண்டுவந்த பொன்செல்வி நின்று பார்த்துவிட்டு மெல்வின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, தெனமும் ஒமக்குத்தான் கம்மியா வருது?"

"நான் உள்ளதச் சொல்லுதேன் மைனி."

"இன்னைக்கி நீரு மொதல்ல பாரும்."

மெல்வின் முதலில் மாட்டினான். பதினெட்டு. அடுத்து தளவாய். பதினாறு. இரண்டு ஆண்களும் வால்வை முறைத்தார்கள்.

"சோறு வெந்துட்டான்னு ஆளுக்கொரு கரண்டி அள்ளிப் பாத்தா பானையில என்ன மிச்சம் இருக்கும்?" என்றாள் பொன்செல்வி. "மாட்டும்போது உள்ள இருக்குற காத்து கொழாய்க்கு வருது. கழட்டும்போது புஸ்ஸுன்னு போவுதுல்லா, அது வேற என்னவாம்?"

கசிவு இல்லை. கசிந்துகொண்டிருந்தது தளவாய்தான். கூடவே மெல்வின்.

தளவாய் மறுபடி நாற்பது அடித்துக் கழற்றியதும் பொன்செல்வி பம்பைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாசரேத் வழியாகப் போனார்கள். சரிபார்க்கப்படாத நாற்பதின் மேல் ஒரு மனிதன் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்பது தளவாயின் கழுத்து வியர்வையைப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை மூடப் பார்த்தார். ஓட்டுவது தாம் என்பது நினைவுக்கு வந்து திறந்துகொண்டார். ஒரு தடவையும் மோதவில்லை. பொன்செல்வி பாதி வழியில் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பால்காய்ப்பு வீட்டு வாசலில் பாண்டியராஜ் சாவி வாங்கும் முகத்தோடு நின்றான். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான்.

"என்ன அத்தான், நிமுந்து நிக்கி? காத்து எவ்வளவு இருக்கு?"

"நாப்பது."

"பாத்தீங்களா?"

"பாக்கல," என்றார் தளவாய்.

பாண்டியராஜ், "பாவம்," என்றான். இந்தத் தடவை யாரைச் சொன்னான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

சாப்பிட்டுக் கிளம்பும்போது பொன்செல்வி பையிலிருந்து பம்பை எடுத்து நீட்டினாள். "வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். ஆனா மாசத்துக்கு ஒருக்காத்தான் மாட்டணும். மாட்டுனா குறைஞ்சத அடிச்சி நெரப்பிட்டுத்தான் கழட்டணும். மறுபடி மாட்டக்கூடாது."

"சரி," என்றார் தளவாய். வண்டியை உதைத்துக் கிளப்பி, தெருமுனை வரை போனவர் வண்டியை நிறுத்தி, பின்னால் உட்கார்ந்திருந்தவள் பக்கம் மெல்லத் திரும்பினார். "ஏளா, மாசத்துக்கு ஒருக்கான்னா சொன்ன?"