கூட்டத்துக்கு வந்த ஒரே ஆள்

அறந்தாங்கியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நட்சத்திரங்களும் சூரியன்களே என்றெல்லாம் சொன்னதற்காக, கிறிஸ்தவ மத குருமார்கள் முன்னொரு காலத்தில் உயிரோடு எரிக்க வைத்த தத்துவஞானி ஒருவர்மேல் எனக்குத் தீராத பிரியம்.

போன வருஷம் அவர் இறந்த நாளில், சின்ன ஹால் பிடித்து நினைவுக் கூட்டம் போட்டேன். நோட்டீஸில் திருச்சபையைத் திட்டித் தீர்த்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. ஆத்திரத்தில் காலி நாற்காலிகளைப் போட்டோ எடுத்துவிட்டு ஃபேனை அணைக்கப் போனபோது, சர்ச் ஃபாதர் ஒருவர் நோட்டீஸோடு உள்ளே வந்தார். அவர் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

“பேசுங்க சார், கேக்கத்தான் வந்தேன்” என்று முன்வரிசையில் உட்கார்ந்தார்.

எழுதி வைத்திருந்த வசவுகள் எனக்கு வாயில் வரவில்லை. அந்தத் தத்துவஞானி வருஷக்கணக்கில் சிறையில் தனியாகக் கிடந்ததை மட்டும் பேசினேன். ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அவரையும் ஒரு போட்டோ எடுத்தேன்.

கிளம்பும்போது தயங்கி நின்றார். “அந்தப் போட்டோவ எங்கயும் போட்டுறாதீங்க சார். மேலிடத்துக்குத் தெரிஞ்சா பிரச்சினையாயிரும்.”

அவர் எதிரிலேயே அழித்தேன். என் செல்போனில் மிச்சமிருப்பது காலி நாற்காலிகள்தான்.

“யாரும் வந்தாங்களா?” என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

“இல்லை” என்றேன்.